வாசலில் நிற்பவர் யார்? கடைக்காரர் கேட்காத கேள்வி!

ராத்திரி பத்தரை மணி.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. லீ பஜாரில் கடைசி மூட்டையும் லாரி ஏறிவிட்டது. முதலாளி பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறார். சாவியை இடுப்பில் செருகிக் கொள்கிறார்.

"பெரியவரே, பாத்துக்குங்க. தூங்கிடாதீங்க."

"சரிங்க மொதலாளி. நீங்க போயிட்டு வாங்க."

முதலாளி ஸ்கூட்டரில் ஏறிப் போய்விடுகிறார். உள்ளே லட்சக்கணக்கில் சரக்கு. வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு டார்ச் லைட். ஒரு தடி. ஒரு மனிதர்.

அந்த மனிதர் யார்? எந்த ஊர்? அவரை அனுப்பியது எந்த ஏஜென்சி? அந்த ஏஜென்சிக்கு அரசாங்க லைசென்ஸ் உண்டா?

முதலாளியைக் கேட்டால், "வாட்ச்மேன் வைக்கக்கூடவா லைசென்ஸ்?" என்று திருப்பிக் கேட்பார்.

உண்டு! சட்டம் வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. டீக்கடைக்கு லைசென்ஸ் கேட்கிறார்கள். லாரிக்குப் பெர்மிட் கேட்கிறார்கள். பட்டாசுக் கடைக்குக் கேட்கிறார்கள். ஊர்ச் சொத்துக்குக் காவல் நிற்கும் ஆளை அனுப்புகிற கம்பெனியிடம் மட்டும் யாரும் எதையும் கேட்பதில்லை!

கண்டெய்னருக்குள் கார்!

2024 செப்டம்பர் 27ஆம் தேதியை நாமக்கல் மாவட்டத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள்.

கேரளாவில் திருச்சூர் பக்கம் ஒரே இரவில் மூன்று ஏ.டி.எம். எந்திரங்களை கேஸ் கட்டர் வைத்து வெட்டியது ஒரு கும்பல். பணத்தை அள்ளியது. வந்த காரையே ஒரு கண்டெய்னர் லாரிக்குள் ஏற்றிக் கதவைச் சாத்திக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் நுழைந்தது.

குமாரபாளையம் பக்கம் போலீசார் மடக்கப் பார்த்தார்கள். லாரி நிற்கவில்லை. வழியில் வண்டிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு பறந்தது. விரட்டிப் பிடித்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஒருவன் செத்தான். மற்றவர்கள் பிடிபட்டார்கள்.

அதற்கு எட்டு வருடம் முன்பு, 2016 ஆகஸ்டில், சேலத்திலிருந்து சென்னைக்குப் போன ரயிலில் பெட்டியின் கூரையை வெட்டி 5 கோடியே 78 லட்சம் ரூபாயைத் தூக்கினார்களே, அதுவும் சேலத்தில் ஏறிய பணம்தான். துப்பாக்கி போலீஸ் அதே ரயிலில் கூடவே போனது. அப்படியும் போனது பணம்!

இந்த இரண்டு சம்பவமும் சொல்வது ஒன்றுதான். திருடுகிறவன் தொழில் கற்றுக்கொண்டு வருகிறான். எங்கே வெட்டுவது, எத்தனை நிமிடத்தில் முடிப்பது, எந்த ரோட்டில் தப்புவது எல்லாம் அவனுக்குப் பாடம்.

காவல் நிற்கிறவருக்கு என்ன பாடம்? "தூங்கிடாதீங்க!" அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளை ஒழுங்குபடுத்தும் சட்டத்தைப் பார்லிமெண்ட் 2005இல் நிறைவேற்றியது. 2006 மார்ச்சில் அமலுக்கு வந்தது.

லைசென்ஸ் இல்லாமல் காவலாளிகளை அனுப்பும் தொழில் யாரும் செய்யக் கூடாது. செய்தால் ஒரு வருடம் வரை ஜெயில், அல்லது 25 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்!

லைசென்ஸ் கட்டணம் ஒரு மாவட்டத்துக்கு 5 ஆயிரம். ஐந்து மாவட்டம் வரை என்றால் 10 ஆயிரம். மாநிலம் முழுக்க என்றால் 25 ஆயிரம். நாமக்கல் தனி மாவட்டமானது 1997 ஜனவரி 1இல். அதனால் இப்போது சேலத்திலும் நாமக்கல்லிலும் ஆள் விடுகிற ஏஜென்சி 10 ஆயிரம் கட்ட வேண்டும். ஒரு தடவை வாங்கினால் ஐந்து வருடம் செல்லும். பெரிய பணமா? இல்லை.

ஏஜென்சி நடத்துகிறவர் ஜெயில் தண்டனை பெற்றவராக இருக்கக் கூடாது. ஒழுங்கீனத்துக்காக அரசாங்க வேலையிலிருந்து நீக்கப்பட்டவருக்கும் லைசென்ஸ் கிடையாது. போலீஸ் விசாரித்து ஆட்சேபணை இல்லை என்று சொன்ன பிறகுதான் லைசென்ஸ். அதை ஆபீசில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைக்க வேண்டும்.

வேலைக்கு எடுக்கும் ஒவ்வொரு காவலாளியின் பூர்வீகத்தையும் விசாரிக்க வேண்டும். போட்டோ ஒட்டிய அடையாள அட்டை தர வேண்டும். யார் எங்கே டூட்டி என்று ரிஜிஸ்தர் வைக்க வேண்டும். பட்டாளத்தில் இருந்தவர்கள், போலீசில் இருந்தவர்கள், ஊர்க்காவல் படையினர் ஆகியோருக்கு முன்னுரிமை உண்டு.

ஆறு நிமிடம்!

இதுகூடப் பரவாயில்லை. பயிற்சி விஷயம்தான் பலருக்குத் தெரியாது.

மத்திய அரசு 2006இல் வெளியிட்ட மாதிரி விதிகளின்படி ஒரு காவலாளிக்கு 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களப் பயிற்சி. குறைந்தது 20 வேலை நாள். பட்டாளம், போலீசில் இருந்து வந்தவருக்கு மட்டும் சலுகை உண்டு. அவருக்கு 40 மணி வகுப்பு, 16 மணி களப் பயிற்சி, 7 நாள்.

உடல் தகுதியும் கேட்கிறார்கள். ஆணுக்கு உயரம் 160 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 150. ஆணுக்கு மார்பு 80 சென்டிமீட்டர், மூச்சை இழுத்தால் இன்னும் 4 விரிய வேண்டும். கண் நன்றாகத் தெரிய வேண்டும். காது கேட்க வேண்டும். ஒரு கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் ஓடிக் கடக்க வேண்டும். வருடம் ஒரு தடவை டாக்டர் பரிசோதனையும் உண்டு.

ஐந்து ரோட்டுப் பக்கம் ஒரு காம்ப்ளக்ஸ் வாசலில் நிற்கும் தாத்தாவிடம் இதைச் சொன்னால் பொக்கை வாய் தெரியச் சிரிப்பார்.

"ஏனுங்க, நான் எங்கீங்க ஓடறது? மூட்டு வலியில மாடிப்படியே ஏற முடியல. வெரட்டிப் புடிக்கணும்னா, திருடன்தான் எனக்காக நின்னு காத்திருக்கணும்!"

சிரிக்கலாம். ஆனால் சிரித்து முடித்த பிறகு யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தாத்தாவை வாசலில் நிறுத்திவிட்டு, "எங்களிடம் செக்யூரிட்டி இருக்கிறது" என்று போர்டு மாட்டுவது யாரை ஏமாற்ற? திருடனையா, வாடகைக்கு இருப்பவர்களையா?

ஏன் விசாரிக்க வேண்டும்?

சென்னை அயனாவரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. 2018இல் நடந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. காது கேட்கும் திறன் குறைந்த ஒரு சிறுமியை மாதக்கணக்கில் பலாத்காரம் செய்ததாக 17 பேர் கைதானார்கள். லிஃப்ட் இயக்கியவர், காவலாளி, பிளம்பர் என்று எல்லோரும் அந்தக் கட்டடத்தில் வேலை செய்தவர்கள். 2020 பிப்ரவரியில் 15 பேருக்குத் தண்டனை கிடைத்தது.

வாசலில் நிற்பவருக்கு வீட்டுக்காரரின் போக்குவரத்து எல்லாம் தெரியும். எந்த வீட்டில் எப்போது ஆள் இருக்காது, எந்தக் குழந்தை எத்தனை மணிக்குத் தனியாக வரும், எல்லாம் தெரியும். அந்த இடத்தில் நிறுத்தும் ஆளைப் பற்றி விசாரிக்காமல் இருப்பது பைத்தியக்காரத்தனம்.

ஆனால் ஒன்று. ஒரு வழக்கை வைத்து ஊரில் உள்ள எல்லா வாட்ச்மேனையும் சந்தேகப்பட்டால் அதைவிடப் பாவம் கிடையாது. இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

2025 ஜூன் மாதம் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பத்ரகாளியம்மன் கோவிலில் காவலாளியாக இருந்த இளைஞர் அஜித்குமார். காரில் வைத்திருந்த நகையைக் காணோம் என்று பக்தர் புகார் கொடுத்தார். விசாரணைக்குக் கூட்டிப் போன போலீசின் பிடியிலேயே அந்த இளைஞர் உயிரை விட்டார். போலீஸ்காரர்கள் கைதானார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது.

நகை போனால் முதல் கை காவலாளியின் சட்டைக் காலரில்தான் விழுகிறது! அவர் யார், என்ன டூட்டி, எத்தனை மணிக்கு எங்கே நின்றார் என்று ரிஜிஸ்தரில் எழுதி வைத்திருந்தால், அவருக்காகப் பேசக் காகிதமாவது இருக்கும். கார் சாவி வாங்குவது, பார்சல் வாங்கி வைப்பது, தண்ணி மோட்டார் போடுவது என்று கண்டதையும் அவர் தலையில் கட்டிவிட்டு, ஒன்று காணாமல் போனதும் "நீதானே நின்னே?" என்று கேட்பது என்ன நியாயம்?

ஆக, அடையாள அட்டையும் ரிஜிஸ்தரும் முதலாளிக்கு மட்டும் பாதுகாப்பு அல்ல. காவலாளிக்கும் அதுதான் பாதுகாப்பு.

மலிவு கொட்டேஷன்!

இப்போது விஷயத்தின் அடிமடிக்கு வரலாம். பணம்!

ஏஜென்சிக்காரர் வருகிறார். கொட்டேஷன் நீட்டுகிறார். இன்னொருவர் வந்து ஆயிரம் ரூபாய் குறைத்துச் சொல்கிறார். மூன்றாமவர் அதற்கும் கீழே. அபார்ட்மெண்ட் சங்கத்தில் கூட்டம் போட்டு மூன்றாமவருக்குக் கை தூக்குகிறார்கள். "மாசம் எவ்வளவு மிச்சம் தெரியுமா!" என்று செக்ரட்டரிக்குப் பாராட்டு வேறு.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காவலாளிக்குச் சம்பளம் 15 ஆயிரம் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஏஜென்சி தன் பங்காகக் கட்ட வேண்டிய பி.எப். 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய். இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம், ஏறக்குறைய 488 ரூபாய். இதுவே 17 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. யூனிபாரம், சூப்பர்வைசர், ஆபீஸ் வாடகை, ஏஜென்சிக்கு லாபம் எல்லாம் இன்னும் பாக்கி. அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.

இப்படி இருக்க, "சம்பளம், பி.எப்., இ.எஸ்.ஐ. எல்லாம் சேர்த்து 15 ஆயிரம்" என்று ஒரு ஏஜென்சி சொன்னால் மிச்சத்தை யார் தருகிறார்கள்? காவலாளியின் வயிறுதான் தருகிறது!

எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி என்பது தொழிலாளர் சட்டம். ஆனால் வாட்ச்மேன் உலகத்தில் பொதுவாக ஒரு நாளை இரண்டாகத்தான் வெட்டுகிறார்கள். ஆறு முதல் ஆறு, மறுபடி ஆறு முதல் ஆறு. மாற்று ஆள் வராவிட்டால் அவரே அடுத்த ஆறும் நிற்க வேண்டும். இருபத்து நாலு மணி நேரம் கண் விழித்த ஆள் தூங்காமல் என்ன செய்வார்?

பிறகு, "வாட்ச்மேன் தூங்கிட்டான்!" என்று கத்துகிறார்கள்.

இந்த இடத்தில்தான் 2005 சட்டத்தில் ஒரு நல்ல ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள். அது பலர் கண்ணில் படவில்லை. சட்டத்தின் கடைசியில் ஒரு அட்டவணை. சம்பளப் பட்டுவாடா, குறைந்தபட்சக் கூலி, பி.எப்., போனஸ், கிராஜுவிட்டி, ஒப்பந்தத் தொழிலாளர் என்று தொழிலாளர் சட்டங்களின் பட்டியல். இவற்றை மீறினால் ஏஜென்சியின் லைசென்சையே ரத்து செய்யலாம்!

அதாவது, காவலாளியின் கூலியை அமுக்குகிற ஏஜென்சிக்குக் கடையே போய்விடும். இது காகிதத்தில் இருக்கிறது. கையில் எடுப்பார் யாரும் இல்லை.

இன்னொன்றும் கடைக்காரர்கள் காதில் போட்டுக்கொள்ள வேண்டும். ஒப்பந்தக்காரர் சம்பளம் தராமல் கம்பி நீட்டினால், வேலை வாங்கிய முதலாளிதான் தர வேண்டும் என்று 1970ஆம் வருட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு நீடிக்கிறது. மலிவு ஏஜென்சியைப் பிடித்து மிச்சம் பண்ணியதாக நினைத்த ஆயிரம், கடைசியில் பத்தாயிரமாகத் திரும்பி வரும்!

தோளில் பட்டை, தலையில் தொப்பி

சில ஏஜென்சிகள் பயிற்சிக்குச் செலவு செய்வதில்லை. துணிக்குச் செய்கிறார்கள். தோளில் பட்டை, மார்பில் பேட்ஜ், இடுப்பில் பெல்ட், தூரத்தில் பார்த்தால் இன்ஸ்பெக்டரே வந்துவிட்டார் போல இருக்கும்.

பட்டாளம், போலீஸ் உடுப்பைப் போலத் தோன்றும் உடுப்பைத் தனியார் காவலாளி போட்டால் அது குற்றம். போட்டவருக்கும் ஏஜென்சிக்காரருக்கும் ஒரு வருடம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது இதே சட்டம். உடுப்பு கொடுத்தது ஏஜென்சி. மாட்டிக்கொள்வது அதைப் போட்டவரும்தான். அவருக்கு இது யாராவது சொல்லியிருப்பார்களா?

65 வயது தாண்டினால்?

சட்டத்தைக் கறாராகப் பிடித்தால் ஒரு சங்கடம் வரும். அதை மறைப்பதில் பலன் இல்லை.

ஏஜென்சி வழியாக வரும் காவலாளிக்கு 18 வயது முடிந்திருக்க வேண்டும். 65 வயது ஆகியிருக்கக் கூடாது. வயதான காலத்தில் பிள்ளைகள் பார்க்காமல், தறி ஓட்டிய கையும் கல்லுடைத்த கையும் ஓய்ந்துபோன பிறகு, கடைசியாகக் கிடைக்கும் வேலை இந்த வாட்ச்மேன் வேலைதான். பள்ளிபாளையத்தில் தறிக்கூடம், ராசிபுரத்தில் கோழிப்பண்ணை, ஆத்தூரில் ஜவ்வரிசி ஆலை, சங்ககிரியில் லாரி ஷெட் என்று எங்கே போனாலும் வாசலில் ஒரு பெரியவரைப் பார்க்கலாம்.

"லைசென்ஸ் பாரு, வயசைப் பாருன்னு கெளம்புனா, இவங்கெல்லாம் எங்கீங்க போவாங்க?" என்று இரக்கப்பட்டுக் கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான்.

ஆனால் பதில் இருக்கிறது. இந்தச் சட்டம் காவலாளிகளை அனுப்பும் ஏஜென்சிகளுக்கானது. தன் கடைக்குத் தானே நேரடியாக ஒரு பெரியவரை வைத்துக் கொள்ளும் முதலாளிக்கு ஏஜென்சி லைசென்ஸ் தேவையில்லை. கேட்டைத் திறந்து மூடவும், வருகிறவர் பெயரை எழுதவும், பகலில் அவர் இருக்கலாம். நல்ல சம்பளம் கொடுத்து, ஒரு நாற்காலியும் போட்டுக் கொடுக்கலாம். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழகச் சட்டசபை 2021இல் சட்டமே திருத்தியது. வாசலில் கால் கடுக்க நிற்பவரும் மனிதர்தானே!

கூடாதது எது? எழுபது வயதுப் பெரியவரை ராத்திரியில் தனியாக, நகையும் பணமும் உள்ள இடத்தில் நிறுத்துவது. வெட்டுக்கத்தியோடு வருகிறவனுக்கு எதிரே அவரை நிறுத்துவது இரக்கம் அல்ல. அவர் உயிரை வைத்து மிச்சம் பிடிப்பது! 2017 ஏப்ரலில் நீலகிரி கொடநாடு எஸ்டேட்டில் புகுந்தவர்கள் முதலில் கொன்றது ஒரு காவலாளியைத்தான்.

மும்பையும் சிங்கப்பூரும்

வழி இல்லாமல் இல்லை. மகாராஷ்டிராவில் 1981இலேயே காவலாளிகளுக்குத் தனிச் சட்டம் போட்டு வாரியம் அமைத்தார்கள். காவலாளி வாரியத்தில் பதிந்துகொள்கிறார். வேலையும் சம்பளமும் வாரியத்தின் வழியாக வருகிறது. நடுவில் கமிஷன் அடிக்க வழி குறைவு.

சிங்கப்பூரில் காவலாளி ஒவ்வொருவருக்கும் தனி லைசென்ஸ் உண்டு. இந்தந்தப் பயிற்சி முடித்தால் இவ்வளவு சம்பளம் என்று படிப்படியாக ஏறும் சம்பள முறையை 2016இல் ஏஜென்சியின் லைசென்சோடு கட்டிப் போட்டார்கள். அந்தச் சம்பளம் தராவிட்டால் லைசென்சுக்கே ஆபத்து. பயிற்சிக்கும் மரியாதை, ஆளுக்கும் மரியாதை.

இங்கே 160 மணி நேரப் பயிற்சி என்று எழுதியிருக்கிறது. அதை முடித்தவருக்கும் முடிக்காதவருக்கும் ஒரே கூலி என்றால் யார் மெனக்கெடுவார்கள்?

மூன்று கேள்விகள்

அரசாங்கம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. லைசென்ஸ் தரும்போது மட்டும் காகிதம் பார்த்தால் போதாது. வருடம் ஒரு தடவையாவது ஏஜென்சியின் பி.எப். சலானையும், சம்பளம் பாங்கில் போட்ட கணக்கையும் எடுத்துப் பார்க்க வேண்டும். லைசென்ஸ் உள்ள ஏஜென்சிகளின் பெயரை ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷன் வாசலிலும் எழுதிப் போட வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம். இருக்கிற சட்டம் போதும்.

அதுவரை? கடைக்காரர்களும் அபார்ட்மெண்ட் சங்கத்தாரும் ஏஜென்சிக்காரரை உட்கார வைத்து மூன்றே மூன்று கேள்வி கேட்டால் போதும்.

"லைசென்ஸ் காட்டுங்க. தேதி முடிஞ்சிருச்சா, நம்ம மாவட்டம் அதுல இருக்குதா?"

"எங்களுக்கு அனுப்பற ஆள் எங்க பயிற்சி எடுத்தாரு? போலீஸ் விசாரணை முடிஞ்சுதா?"

"அவரு கைக்கு எவ்வளவு போவுது? போன மாச பி.எப். சலான் எங்கே?"

முதல் இரண்டு கேள்விக்கு நெளிகிறவர் திருடனுக்கு வழி விடுகிறவர். மூன்றாவது கேள்விக்கு நெளிகிறவர் காவலாளியிடமே திருடுகிறவர். இரண்டு பேரும் வேண்டாம்.

விடிகிற நேரம். செவ்வாய்ப்பேட்டையில் பால்காரர் மணி அடிக்கிறார். முதலாளி வந்து பூட்டைப் பார்க்கிறார். அப்படியே இருக்கிறது. நிம்மதியாக ஷட்டரைத் தூக்குகிறார்.

பூட்டைப் பார்த்தவர், ராத்திரி முழுக்க அதற்குக் காவல் நின்றவரின் முகத்தையும் ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கட்டும். பெயரைக் கேட்கட்டும். "சாப்டீங்களா பெரியவரே?" என்று கேட்கட்டும்.

பிறகு ஏஜென்சிக்குப் போன் போட்டு அந்த மூன்று கேள்வியையும் கேட்கட்டும்!